ஒட்டகத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர்

அந்த வீட்டில் பொழுது விடிவது அலாரத்தால் அல்ல, அம்மாவின் கூச்சலால்.

"ஈரக்கையை என் மேல துடைக்காதேன்னு எத்தனை தடவைடி சொல்றது!"

அன்றும் அப்படியே விடிந்தது. குளியலறைக் கதவு திறந்தது. அக்கா வெளியே வந்தாள். வழியில் நாற்காலி போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவின் கையில் தன் மூடிய கையை ஒரு நொடி வைத்தாள், எடுத்தாள், தன்பாட்டுக்குப் போய்விட்டாள். வருடக்கணக்காக இதே கதைதான். அந்த வழியில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர் கையில் ஈரம் படாமல் தப்ப முடியாது.

"துண்டு தொங்குது, கைக்குட்டை கிடக்குது. அதையெல்லாம் விட்டுட்டு நான்தான் கிடைச்சேனா உனக்கு?"

"கை தானா போகுதும்மா. விடேன்."

"தானா போகுமாம்! கைக்குக் கால் முளைச்சிருக்கு இவளுக்கு."

சின்னவள் பல் தேய்க்கும் பிரஷோடு நின்று சிரித்தாள். வாயெல்லாம் நுரை.

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பா போனபோது சின்னவள் ஆறாம் வகுப்பு. அக்கா பள்ளிப் பையைக் கழற்றி வைத்துவிட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போய் மெஷினில் உட்கார்ந்தாள். அன்று உட்கார்ந்தவள் இன்று ஒரு லைனுக்கே சூப்பர்வைசர். அந்த மெஷின் ஓடிய ஓட்டத்தில்தான் சின்னவள் பட்டம் வாங்கினாள். அக்காவுக்குக் கல்யாணமும் ஆயிற்று. மாமா கப்பலில் வேலை பார்க்கிறார். நடுக்கடலில் இருக்கும் மனிதரை இந்த வாரம் நாம் தொந்தரவு செய்ய வேண்டாம்.

அக்காவின் தொழிற்சாலை ஒரு பெரிய பிராண்டுக்குத் தைத்துக் கொடுக்கிறது. அந்த பிராண்டின் எந்தத் துணியைத் திருப்பிப் பார்த்தாலும் உள்பக்கம் ஒரு மஞ்சள் பொத்தான் உபரியாகத் தைத்திருக்கும். அதனால் ஊருக்கெல்லாம் அது 'மஞ்சப் பொத்தான்'. இவர்கள் வீட்டில் வெறும் 'பொத்தான்'.

சின்னவளுக்கு வாய்த்த வேலையைக் கேளுங்கள். துணி பிராண்டுகளுக்கு மார்க் போடும் வேலை! சாயத்தண்ணீரை எங்கே விடுகிறார்கள், பருத்தி எங்கிருந்து வருகிறது, தைக்கிறவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று துருவித் துருவிப் பார்த்து, வாங்குகிறவர்களுக்கான கையேட்டில் ஒன்றிலிருந்து ஐந்து இலை வரை போடுகிற அலுவலகம் அது. சுற்றிச் சுற்றி, போன வாரம் அவள் மேஜைக்கே வந்து சேர்ந்தது மஞ்சப் பொத்தான்.

அவள் நேராகத் தலைமை மேடத்திடம் போனாள். "எங்க அக்கா அங்க வேலை பாக்கறா மேடம். நான் இதைப் பாக்கறது சரியில்ல" என்றாள். மேடம் யோசித்துவிட்டு, "அக்கா இருக்கிற தொழிற்சாலையை நம்ம கண்ணாடிக்காரர் பாக்கட்டும். மத்ததை நீ பாரு. மார்க்கை நான் ஒரு தடவை சரிபார்த்துக்கறேன்" என்றார். அங்கேதான் நாம் நிறுத்தினோம்.

"ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போடி" என்று அம்மா டம்ளரை நீட்டினாள்.

அக்கா வாங்கி உதட்டை நனைத்துவிட்டு வைத்தாள். டம்ளரில் வைத்த தண்ணீர் வைத்தபடி இருந்தது.

"ஒட்டகம் கிளம்பிடுச்சு" என்றாள் சின்னவள்.

அக்காவுக்கு வீட்டுப் பெயர் அதுதான். பள்ளியில் பாலைவனப் பாடம் படித்த வருஷம் சின்னவள் வைத்த பெயர். பகல் முழுக்க அக்கா சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள். சாயங்காலம் வந்ததும் செம்போடு கவிழ்ப்பாள். போன வாரம் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக டாக்டரிடம் போனபோது, "தண்ணியே குடிக்கறதில்லையாம்மா?" என்று அவர் கேட்டார். "அது ஒட்டகம் டாக்டர்" என்று சின்னவள்தான் சொன்னாள். டாக்டர் சிரித்தார், அம்மா சிரித்தாள், காய்ச்சலில் கிடந்த அக்காவும் சிரித்தாள்.

செருப்பை மாட்டிக்கொண்டே அக்கா திரும்பினாள். "ஏய் மார்க்குக்காரி. பொத்தானுக்கு நல்ல மார்க்கா போடு. உப்பிட்ட இடம். மறந்துடாத."

"பரிட்சை எழுதறது அவங்க. நான் திருத்தறவதான்."

"திருத்தறவளுக்குப் படிப்பு எங்கேருந்து வந்துச்சாம்?"

சின்னவள் அக்காவின் சாப்பாட்டுப் பையை எடுத்துக் கொடுத்து, தெருமுனை வரை கூடவே நடந்தாள். அந்தப் பையை அவள் இரண்டு கையாலும்தான் எடுப்பாள். கோவில் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் உண்டே, அந்த மாதிரி ஒரு மரியாதை.

*

உண்மையைச் சொன்னால், நல்ல மார்க் போடத்தான் சின்னவளுக்கும் ஆசை. அதற்கு வேண்டிய காரணமும் இருந்தது.

முந்தின நாள் அவள் பொத்தானின் சாயப்பட்டறைக்குப் போயிருந்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, பின்பக்கக் கால்வாய் வரை இறங்கிப் பார்த்தாள். சிவப்பும் நீலமுமாக ஓட வேண்டிய தண்ணீர் பளிங்கு மாதிரி ஓடியது. உள்ளே மீன் துள்ளியது. பட்டறை இன்ஜினியருக்குப் பெருமை தாங்கவில்லை. சுத்தம் செய்த தண்ணீரில் ஒரு கிளாஸ் பிடித்து, அவள் தடுப்பதற்குள் மடமடவென்று குடித்தே காட்டிவிட்டார்! "ஒரு சொட்டு வீணாக்க மாட்டோம் மேடம். தண்ணிதான் எங்களுக்குத் தெய்வம்" என்றார். பருத்திக்காரர்களைக் கேட்டால் அவர்களும் வாயாரச் சொன்னார்கள். பொத்தானின் பொறுப்பாளர் அம்மாள் ஒருவர் இருந்தார். கேட்ட கதவை எல்லாம் திறந்துவிட்டார். "தப்பு இருந்தா மறைக்காம சொல்லுங்க. எங்களுக்கே தெரியாம நிறைய நடக்கும்" என்றும் சொன்னார். நல்ல மனுஷி.

நாலு இலை உறுதி. தைக்கிற இடம் மட்டும்தான் பாக்கி.

அன்றைக்கு அவள் போனது, பொத்தானுக்குத் தைக்கும் இன்னொரு தொழிற்சாலைக்கு. அக்காவுடையது அல்ல. அங்கே மறுநாள் கண்ணாடிக்காரர் போவதாக ஏற்பாடு. இன்று அவரும் சின்னவளோடு வந்திருந்தார். மூக்குக்கு மேலே பூதக்கண்ணாடி மாதிரி ஒன்று மாட்டியிருப்பார். எல்லாவற்றையும் எண்ணுவது அவர் பழக்கம். மின்விசிறியை எண்ணுவார், தீயணைப்பானை எண்ணுவார், விட்டால் மேனேஜரின் தலைமுடியையும் எண்ணிவிடுவார். அங்கே எண்ணுவதற்கு அதிகம் இல்லை என்பது வேறு விஷயம்.

மேனேஜர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். "வாங்க மேடம், வாங்க. எல்லாத்தையும் பாருங்க. ஒளிவு மறைவே கிடையாது நம்மகிட்ட."

புதுப் பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. வரிசை வரிசையாக மெஷின்கள். காலர் ஒரு பக்கம் தைக்கப்பட்டு அடுத்த மெஷினுக்கு நகர்ந்தது, அங்கே கை பொருந்தியது, அதற்கடுத்து பொத்தான் ஏறியது. பெண்களின் தலையில் பஞ்சுத் தூசி வெள்ளையாகப் படிந்திருந்தது. அவர்கள் கை ஓடிய வேகத்தைப் பார்க்கப் பார்க்க, இவர்களைப் போல ஒருத்திதானே என்னைப் படிக்க வைத்தாள் என்று சின்னவளுக்கு மனசு நிறைந்து போயிற்று.

மூலையில் குடிதண்ணீர் டிரம் பளபளவென்று இருந்தது. குழாயில் ஒட்டிய விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. பக்கத்தில் டம்ளர்கள் அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து உள்ளே விரல் விட்டுப் பார்த்தாள். பஞ்சுத் தூசி ஒட்டியது. மதியம் தாண்டியும் ஒரு டம்ளர்கூட நனைந்திருக்கவில்லை.

"பாத்ரூம் போறதெல்லாம் எப்படி சார்? கேட்டுட்டுப் போகணுமா?"

"ஐயோ, என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க! யார் வேணாலும் எப்ப வேணாலும் எழுந்து போகலாம். வீடு மாதிரி."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, காலர் தைக்கும் பெண் ஒருத்தி கழிப்பறையிலிருந்து திரும்பி வந்தாள். சின்னப் பெண். கல்யாணமாகியிருக்காது. மெஷின்களுக்கு நடுவே நடந்து வந்தவள், மூன்றாவது மெஷின் அருகில் வந்ததும் மூடிய கையை நீட்டினாள். அங்கே உட்கார்ந்திருந்த பெரியம்மாள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே இடது உள்ளங்கையை அடியில் விரித்தாள். மூடிய கை திறந்தது.

உள்ளே ஒன்றும் இல்லை.

இரண்டு கையும் அப்படியே அந்தரத்தில் நின்றன. பெரியம்மாளின் முகம் வெளிறியது. வெடுக்கென்று கையை இழுத்து, நூல் பிசிறு பொறுக்குகிற மாதிரி துணியைத் தடவினாள். சின்னப் பெண் இல்லாத தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு தன் இடத்துக்கு ஓடினாள். மேனேஜர் அப்போது ஜன்னல்களின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் மின்விசிறியை எண்ணிக்கொண்டிருந்தார்.

வேறு யார் பார்த்திருந்தாலும் அதில் ஒன்றும் தெரிந்திருக்காது. சின்னவளுக்குக் காதில் அம்மாவின் குரல் கேட்டது.

*ஈரக்கையை என் மேல துடைக்காதடி.*

அவள் நடை நின்றுவிட்டது. அதே மூடிய கை. அதே ஒரு நொடி. கழிப்பறையிலிருந்து வரும்போது மட்டும். அக்கா ஈரத்தைத் துடைக்கவில்லை. எதையோ அடுத்தவளிடம் ஒப்படைக்கிறாள்!

தொழிலாளர்களோடு தனியாகப் பேசுவதற்கு ஒரு அறை கொடுத்திருந்தார்கள். பலரோடு பேசிய பிறகு அந்தப் பெண்ணும் வந்தாள்.

"வழியில அவங்க கையில என்னம்மா குடுத்த?"

"ஒண்ணுமில்ல மேடம். சத்தியமா ஒண்ணுமே இல்ல."

அவள் சொன்னது அப்பட்டமான உண்மை. கையில் ஒன்றும் இல்லைதான். ஆனால் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. சின்னவள் மேலே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவள் பெயரையோ மெஷின் எண்ணையோ குறித்துக்கொள்ளவும் இல்லை. "நல்லா தைக்கறம்மா. காலர் அப்படியே நிக்குது" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

*

திரும்பும் வண்டியில் விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முழுப் பூசணிக்காயை என் கண்ணு முன்னாடியே மறைச்சிருக்காங்க. நான் விசிறியை எண்ணிட்டு நிக்கறேன்" என்றார் வருத்தத்தோடு. "சரி, வெறுங்கையை எப்படி எழுதுவீங்க?"

தலைமை மேடமும் போனில் அதையேதான் கேட்டார். "கை நீட்டினாங்கன்னு எழுத முடியாதும்மா. அங்க வேலை பாக்கற யாராவது ஒருத்தர் வாய் திறந்து சொல்லணும். நாளைக்குச் சாயங்காலம் கையேடு அச்சுக்குப் போகுது. அதுவரைக்கும் யாரும் சொல்லலேன்னா நாலு இலை. நான் வேற ஒண்ணும் பண்ண முடியாது."

"சொன்னா என்ன ஆகும் மேடம்? அந்தப் பழைய கதை மாதிரி ஆயிடுச்சுன்னா?"

இருவருக்கும் அந்தக் கதை தெரியும். வேறொரு பிராண்டுக்கு இவர்கள் இலையைக் குறைத்தார்கள். அந்த பிராண்டு என்ன செய்தது? குறையைச் சரிசெய்யவில்லை. 'அந்தத் தொழிற்சாலையோடு எங்களுக்கு இனி சம்பந்தமே இல்லை' என்று ஆர்டரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பிராண்டின் கை சுத்தம். தொழிற்சாலைக்குப் பூட்டு. தைத்தவர்கள் தெருவில்.

மேடத்திடம் ஒரு யோசனை இருந்தது. "இந்தத் தடவை வேற மாதிரி எழுதலாம். இலையை நிறுத்தி வைப்போம். அங்கேயே இருந்து சரிபண்ணினா திரும்பி வந்து பாப்போம். ஆர்டரைத் தூக்கிட்டு ஓடினா இருக்கற இலையும் போகும்னு தெளிவா போடலாம். நான் கையெழுத்துப் போடறேன். ஆனா சொல்ற ஆள் வேணும்."

சின்னவள் போனை அடுத்த காதுக்கு மாற்றினாள்.

"உங்க அக்காவைக் கேளுன்னு நான் சொல்லமாட்டேன்."

"நானும் கேக்கமாட்டேன் மேடம்" என்றாள் சின்னவள்.

கேட்க எப்படி வாய் வரும்? படிக்க வைத்தவள், பசி தெரியாமல் வளர்த்தவள். அவளிடம் போய், 'உன் வேலையைப் பணயம் வை, எனக்கு ஒரு சாட்சி வேண்டும்' என்றா கேட்பது? கேட்காவிட்டால், சுத்தம் செய்த சாயத்தண்ணீரைக் காட்டி நாலு இலை வாங்கிக்கொள்வார்கள். அந்தக் காலர் தைக்கும் பெண்ணின் கண்ணீரைத் தன் கையாலேயே நல்லதென்று எழுதிக் கொடுக்க வேண்டும். நிமிர்ந்தால் இடிக்கிறது, குனிந்தால் முட்டுகிறது.

*

சாயங்காலம் அக்கா வந்தாள். வழக்கம்போலச் செம்போடு தண்ணீரைக் கவிழ்த்தாள். பையை ஓரமாக வைத்தாள். குளியலறைக்குள் போனாள்.

சின்னவள் அம்மாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

கதவு திறந்தது. அக்கா எதையோ யோசித்தபடி வெளியே வந்தாள். கை தானாக நீண்டது. சின்னவள் தன் உள்ளங்கையை அதற்கு அடியில் விரித்தாள், அந்தப் பெரியம்மாள் விரித்த மாதிரியே.

அக்காவின் கை பழக்கத்தில் திறந்துகொண்டது.

இருவரும் அந்த வெறும் கைகளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இன்னிக்கு எங்கடி போன?" அக்காவின் குரல் மாறியிருந்தது.

"இன்னொரு தொழிற்சாலைக்கு. அங்கயும் இப்படித்தான்க்கா கை நீட்டறாங்க."

அக்கா கையை இழுத்துக்கொண்டாள். முகம் சிவந்தது. "வேலை பாக்கப் போனியா, வேவு பாக்கப் போனியா? எங்க வயித்துல மண்ணள்ளிப் போடத்தான் உன்னைப் படிக்க வச்சேனா? நீ மார்க்கைக் குறைப்ப, அவங்க ஆர்டரைக் குறைப்பாங்க. எங்க கேட்டுக்குப் பூட்டு போட்டா எவன் வந்து திறப்பான், நீயா?"

"நான் உன்னை ஒண்ணும் கேக்கலக்கா."

"கேட்டுடுவியா நீ! பொத்தான்தான்டி உன்னைப் படிக்க வச்சுது. அப்பா செத்தப்ப எவன் கதவைத் திறந்தான்? அந்த மெஷின்தான் திறந்துச்சு. உப்பிட்டவனுக்கு ரெண்டகம் பண்ணச் சொல்றியா?"

"பொத்தான் என்னைப் படிக்க வைக்கலக்கா." சின்னவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நீ படிக்க வச்ச. நான் நன்றி சொல்லணும்னா உனக்குத்தான் சொல்லணும். அவங்களுக்குச் சொல்லி உன்னை விட்டுட்டா நான் மனுஷியே இல்ல."

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "என்னடி ரெண்டு பேரும்? யாரு செத்துட்டா இப்போ?"

அக்கா தரையில் உட்கார்ந்தாள். பையை இழுத்தாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்து வெளியே வைத்தாள். அதற்குக் கீழே துணியில் சுற்றி ஒன்று இருந்தது. பிரித்தாள்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற மரவட்டு. மஞ்சள் பெயின்ட். நடுவே நாலு ஓட்டை. பெரிய பொத்தான் மாதிரியே செய்திருந்தார்கள். எந்தப் புண்ணியவானின் ரசனையோ! கை பட்டுப் பட்டு ஓரத்தில் பெயின்ட் போய் மரம் தெரிந்தது.

"டோக்கன்" என்றாள் அக்கா. "லைனுக்கு ஒண்ணு. இது கையில இருந்தாத்தான் பாத்ரூம் போகலாம். போனவ வந்து குடுத்தாத்தான் அடுத்தவ எந்திரிக்கலாம். நாளைக்கு உங்க ஆளு வர்றாருன்னு எல்லா சூப்பர்வைசரையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க."

"யாருக்கு முதல்லன்னு யாரு முடிவு பண்றது?"

"நான்தான்." அக்கா தலையைத் தூக்கவில்லை. "எவளுக்கு முடியல, எவளுக்குக் கொஞ்சம் பொறுக்கும்னு நான்தான் மூஞ்சியைப் பாத்து முடிவு பண்ணுவேன். பாவம், கெஞ்சுங்க. அதுல பாதி புள்ளைங்க உன்னைவிடச் சின்னது."

"நீ எப்பக்கா போவ?"

"மெஷின்ல இருந்தப்ப முறை வந்தா போவேன், வந்து இதை அடுத்தவ கையில குடுப்பேன். சூப்பர்வைசர் ஆனதுலேருந்து நான் போறதில்ல."

"போறதில்லன்னா?"

"என் முறையை நான் எடுத்தா அந்த நேரத்துல ஒருத்தி காத்துக்கிட்டு நிக்கணும். அதான் அவங்களுக்கே விட்டுட்டேன். தண்ணி குடிக்காம இருந்துட்டா வராது. பழகிடுச்சு."

அம்மாவின் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது.

ஒட்டகம்! சின்னவள் வைத்த பெயர். ஆறாம் வகுப்புப் பாடப்புத்தகத்திலிருந்து அவள் எடுத்து வைத்து, வீடே கூப்பிட்டுச் சிரித்த பெயர். டாக்டரிடம்கூடச் சொல்லிச் சிரித்த பெயர். அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்தாளே! அவள் அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "இனிமே கூப்பிடமாட்டேன்க்கா, கூப்பிடவே மாட்டேன்" என்று தேம்பினாள்.

"சீ, லூசு. எனக்குப் பிடிச்சுதான் இருந்துச்சு" என்று அக்கா அவள் தலையைத் தடவினாள். "ஒட்டகம்னா பாரம் சுமக்கும்ல? பெருமையாத்தான் நினைச்சுக்கிட்டேன்."

அம்மாவுக்கு அழத் தெரியாது, திட்டத்தான் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். "சாயத்தண்ணியைச் சுத்தம் பண்ணி மீனுக்கு விடறாங்களாம், நேத்து வந்து நீதான் சொன்ன. பெத்தவ ஒருத்தி தினமும் ஊத்திக் குடுக்கற தண்ணியை எம்பொண்ணு குடிக்க முடியல. நல்லா இருக்குடி உங்க நியாயம்! மீனா பொறந்திருக்கலாம் இவ." பிறகு அக்காவிடம் திரும்பி, "நான் வேற ஈரக்கை, ஈரக்கைன்னு உன்னை..." என்று முடிக்காமல் நிறுத்தினாள்.

அக்கா டோக்கனைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டாள். "சொன்னா ஓடிடுவாங்களா?"

சின்னவள் மேடம் சொன்னதைச் சொன்னாள். இலையை நிறுத்தி வைப்பதையும், ஓடினால் உள்ளதும் போகும் என்று எழுதப்போவதையும் விளக்கினாள். "அந்தப் பொறுப்பாளர் அம்மாவும் நல்லவங்களாத்தான் தெரியறாங்க. ஆனா ஓடமாட்டாங்கன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுக்கா. அதனாலதான் உன்னைக் கேக்கல. நீ இதைச் சொல்லணும்னு இல்ல. நீ எனக்குச் செஞ்சது போதும்."

"செஞ்சது போதும்னு நீ சொல்றியா?" அக்கா மெல்லச் சிரித்தாள். "நான் செய்யறதை நான்தான்டி சொல்லணும்."

டோக்கனைத் துணியில் சுற்றினாள். எழுந்து போய் மறுநாள் போட்டுக்கொள்ள வேண்டிய சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தாள். சொல்லப் போகிறாளா, மாட்டாளா என்று கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. சாப்பாட்டின்போது மாமாவின் கப்பல் எந்தக் கடலில் போகிறது என்பதைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

*

மறுநாள் வீடு கூச்சல் இல்லாமல் விடிந்தது.

குளியலறைக் கதவு திறந்தது. வழியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். அக்காவின் மூடிய கை வந்தது. அம்மா இந்த முறை திட்டவில்லை. தன் இரண்டு கையாலும் அந்த ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்ப வேணா போய்ட்டு வாடி. நம்ம வீடு. யாரையும் கேக்க வேணாம்" என்றாள்.

அக்கா சட்டையை மாட்டினாள், தலையை வாரினாள். சமையலறை மேடையில் அம்மா ஊற்றி வைத்த டம்ளர் இருந்தது. தினமும் இருக்கும் டம்ளர்தான். அக்கா அதை எடுத்தாள். உதடு வரை கொண்டுபோய் நிறுத்தினாள்.

அக்கா குடித்தாள். மடக் மடக்கென்று கடைசிச் சொட்டு வரை குடித்தாள். டம்ளரை நீட்டி, "இன்னொண்ணு ஊத்து" என்றாள். அதையும் குடித்தாள்.

அம்மா பதறினாள். "ஏய், ஏய், போதும்டி! பொழுதுக்கும் அங்க உக்காரணும். நடுவுல வந்துட்டா என்ன பண்ணுவ?"

அக்கா துணியைப் பிரித்தாள். மஞ்சள் டோக்கனை எடுத்து, சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் ஒளிக்காமல், பையின் வெளிப்பக்கம் எல்லோருக்கும் தெரியும்படி கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டாள். முடிச்சை இழுத்து இறுக்கினாள்.

"வந்தா எந்திரிச்சுப் போவேன். உங்க கண்ணாடிக்காரர் பாக்கட்டும். விசிறியை எண்ணி முடிச்சதும் என்கிட்ட வரச் சொல்லு."

படியிறங்கிப் போனாள். ஒவ்வொரு படிக்கும் அந்த மரவட்டு பையில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. ஜன்னலில் நின்ற சின்னவள், அக்கா நல்லா இருக்கணும், அக்கா நல்லா இருக்கணும் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேஜைமேல் அவள் போன் அடித்தது. பொத்தானின் பொறுப்பாளர் அம்மாள்! இத்தனை காலையில் அவர் கூப்பிட்டதே கிடையாது. நேற்று தொழிற்சாலையில் நடந்தது அதற்குள் யார் மூலமோ அவர் காதுக்குப் போய்விட்டதா? சரிசெய்கிறோம் என்று சொல்லவா, கைகழுவிவிட்டோம் என்று சொல்லவா?

"எடுடி" என்றாள் அம்மா.

"இரும்மா" என்றாள் சின்னவள். தெருமுனையில் பஸ் வந்து நின்றது. மஞ்சள் வட்டு ஆட ஆட அக்கா ஏறினாள். பஸ் திரும்பி மறைகிறவரை பார்த்துவிட்டு, அவள் போனை எடுத்தாள்.